வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறைக்குள் இணையக் கருவிகள்

வகுப்பறையில் இணையக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்கள் எழுதிய கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விரிவாக எழுதிய ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் 24 ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். அண்மையில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளித்தார்கள். காலையிலிருந்து மாலைக்குள் பதினோரு கருவிகளைக் காட்டினார்கள். வீடு திரும்பியபோது ஒன்றின் பெயர்கூட மனத்தில் நிற்கவில்லை. மறுவாரம் துணிந்து ஒரு வினாப் படிவத்தை இணையத்தில் தயாரித்து, அதன் இணைப்பை வகுப்புக்கு அனுப்பினேன். என் திரையில் அழகாகத் திறந்த படிவம், மாணவர்களின் திரைகளில் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லி நின்றுவிட்டது. கால் மணி நேரம் போராடினேன். கடைசி வரிசையில் ஒரு பையன் சிரித்தது இன்னும் காதில் ஒலிக்கிறது. எந்தக் கருவியிலிருந்து தொடங்குவது? இந்த வயதில் இதெல்லாம் எனக்கு வருமா?
— ஒரு கணித ஆசிரியை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வரும். 24 ஆண்டுகளாகப் பின்னங்களைக் கற்பித்த ஒருவரால் பகிர்வு அனுமதிகளைக் கற்றுக்கொள்ள முடியாமல் போகாது. பின்னத்தைவிட அது எளிது. அலுப்புதான் சற்று அதிகம்.

அன்று நடந்ததற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பள்ளி வழங்கிய கணக்கில் உருவாக்கப்படும் படிவத்தை அந்தப் பள்ளியின் கணக்கு உள்ளவர்கள் மட்டுமே திறக்க முடியும் என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். மாணவர்கள் சொந்தக் கணக்குடன் நுழைந்திருந்தால் வாசலிலேயே தடுக்கப்படுவார்கள். இல்லையென்றால், விடை எழுதுவதற்கான இணைப்புக்குப் பதிலாக, படிவத்தைத் திருத்துவதற்கான இணைப்பை முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து அனுப்பியிருப்பீர்கள். இரண்டிலும் உங்கள் திரையில் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் படிவத்தின் உரிமையாளர் நீங்கள். ஆகவே, எந்தக் கருவியாக இருந்தாலும் வகுப்புக்கு முன் ஒருமுறை மாணவரின் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள்: உலாவியில் உங்கள் கணக்கு இல்லாமல் திறக்கும் மறைநிலைச் சாளரத்திலோ (இன்காக்னிட்டோ), வேறொருவரின் கைப்பேசியிலோ அந்த இணைப்பைத் திறந்து, பெயர் எழுதி, விடையைக் குறித்து, அனுப்பும் பொத்தானை அழுத்துவது வரை செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை அது. பதினோரு கருவிகளைக் காட்டிய பயிற்சியில் இதைக் காட்டியிருந்தால் உங்கள் கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

இனி, எந்தக் கருவி என்ற கேள்வி. கருவியிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் பாடம் ஆண்டுதோறும் எந்த இடத்தில் இடறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 0.6, 0.45 ஆகிய இரண்டில் பெரியது எது என்று கேட்டால், வகுப்பில் ஒரு பகுதி 0.45 என்று சொல்லும். 45 என்பது 6ஐவிடப் பெரிது அல்லவா! அந்த எண்ணைப் ‘புள்ளி நாற்பத்தைந்து’ என்று வாசிக்கும் பழக்கமும் இந்தப் பிழைக்குத் துணை நிற்கிறது. ‘புள்ளி நான்கு ஐந்து’ என்று வாசிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவாகவே வருவதை நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் 0.6 என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்று நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். ஆனால் சரியாகச் சொன்னவர்களுக்குள்ளும் இன்னொரு கூட்டம் ஒளிந்திருக்கிறது. புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறிதாகிறது என்று நினைப்பவர்கள் அவர்கள்; பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறிது என்று கற்றதைத் தவறாக நீட்டிக்கொண்டவர்கள். அவர்களும் 0.6 என்றே சொல்வார்கள். அவர்களை வெளியே கொண்டுவர 0.3, 0.35 என்ற இரண்டாவது இணை வேண்டும். அங்கே அவர்கள் 0.3தான் பெரிது என்பார்கள்.

கையைத் தூக்கச் சொன்னால் இது தெரியவராது, ஏனென்றால் பாதிப் பேர் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் தூக்குகிறார்கள். இந்த இரண்டு கேள்விகளை மட்டும் கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற ஒரு படிவத்தில் போட்டு, பாடத்தின் நடுவே மூன்று நிமிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் கேள்வியில் தவறியவர்கள், இரண்டாவதில் மட்டும் தவறியவர்கள், இரண்டிலும் சரியாகச் சொன்னவர்கள் என்று வகுப்பு உங்கள் கண்முன் மூன்றாகப் பிரிந்து நிற்கும். விடைகளை அட்டவணையாகத் திறந்தால் யார் எந்தக் குழு என்பதும் தெரியும். ஒரே விளக்கத்தை எல்லாருக்கும் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, முதல் குழுவுக்கு 0.6ஐ 0.60 என்று எழுதிக் காட்டலாம். இரண்டாம் குழுவை 0.3க்கும் 0.4க்கும் நடுவே எண்கோட்டில் 0.35ஐக் குறிக்கச் சொல்லலாம். என் அனுபவத்தில் இணையக் கருவிகள் வகுப்புக்குத் தருகிற மிகப் பெரிய பயன் இதுவே: வாய் திறக்காத மாணவரின் தவறான விடையும் அதே வகுப்பு நேரத்துக்குள் ஆசிரியரின் கைக்கு வந்து சேர்கிறது. படம், இசை, பரிசுக் கோப்பை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் தம் வகுப்புகளில் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தனியே விடையளித்த பின், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவருடன் வாதிடச் செய்து, மீண்டும் விடையளிக்கச் சொல்வார். உங்கள் படிவத்தையும் அப்படியே இரண்டு முறை அனுப்பலாம். முதல் முறைக்குப் பின் சரியான விடையைக் காட்டிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் ஆசிரியருக்குக் கடினம்.

ஒரு பருவம் முழுவதும் இந்த ஒரே கருவியோடு இருங்கள்; மற்ற பத்தும் எங்கும் ஓடிவிடாது. அதே கேள்வியை ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள். மூன்று நிமிடத்தில் இணைப்பு திறக்கவில்லையென்றால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் கரும்பலகைக்குத் திரும்பிவிடுங்கள். சிரித்த பையனை அடுத்த வகுப்பில் இணைப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பில் வையுங்கள். உங்கள் கடவுச்சொல்லை மட்டும் அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கைப்பேசியில் நடத்தும் போட்டி வினாடி வினா வைத்தால் என் வகுப்பே அதிர்கிறது. மணியடித்தாலும் எழுந்திருக்க மறுக்கிறார்கள். ஆனால் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை. எங்கே தவறு?
— வரலாற்று ஆசிரியர்

பதில்: கடிகாரத்தில். நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட் முதலாக இவ்வகைக் கருவிகள் பலவும், சரியாகச் சொன்னதற்கு மட்டுமல்லாமல் விரைவாகச் சொன்னதற்கும் புள்ளிகள் தருகின்றன. கேள்வியை முழுவதும் படித்து யோசிப்பவர் பின்தங்குகிறார். விடைகளுக்குரிய நான்கு நிறங்களில் ஒன்றை உடனே தொட்டவர் சில வேளைகளில் முன்னால் நிற்கிறார். சில சுற்றுகளுக்குள் வகுப்பு இதைப் புரிந்துகொள்கிறது.

வினாடி வினாவால் நினைவு வலுப்படும் என்பது உண்மை. ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பலன் தருவது நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்த முயற்சி. அதற்குச் சில நொடிகளாவது அமைதி வேண்டும். ஆகவே விடை நேரத்தை நீட்டுங்கள், வேகத்துக்கான புள்ளிகளை நிறுத்த வழியிருந்தால் நிறுத்துங்கள், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஆட்டத்தை நிறுத்தி, அதிகம் பேர் தேர்ந்த தவறான விடை ஏன் அவ்வளவு பொருத்தமாகத் தோன்றியது என்று கேளுங்கள். ஒரு போரின் ஆண்டைக் கேட்பதைவிட, மூன்று நிகழ்ச்சிகளில் எது முதலில் நடந்தது என்று கேட்டால் இந்த உரையாடல் நன்றாக நடக்கும். அதே கேள்விகளில் நான்கைந்தை அடுத்த வாரம் முன்னறிவிப்பின்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் மூவர் மேடையேறும் காட்சியை மாதம் ஒருமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். வகுப்பு அதிர்வதும் கொஞ்சம் வேண்டியதுதான்.

கேள்வி: தமிழில் ஒரு சொல் விடைகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி இணையத் தேர்வு வைத்தேன். சரியாக எழுதிய பலருக்குக் கருவி பூஜ்யம் போட்டிருக்கிறது. ஒரு மாணவி அழுதே விட்டாள். கருவிக்குத் தமிழ் தெரியாதா?
— அறிவியல் ஆசிரியை

பதில்: கருவிக்கு எந்த மொழியும் தெரியாது. நீங்கள் கொடுத்த விடையும் மாணவி எழுதிய விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று மட்டுமே அது பார்க்கிறது. நீங்கள் ‘ஒளிச்சேர்க்கை’ என்று கொடுத்திருக்க, அவள் ‘ஒளிச் சேர்க்கை’ என்று நடுவில் இடம் விட்டிருந்தால், அல்லது ஒற்றை விட்டு ‘ஒளிசேர்க்கை’ என்று எழுதியிருந்தால், அல்லது வாக்கியமாக நினைத்து ‘ஒளிச்சேர்க்கையால்’ என்று முடித்திருந்தால், மூன்றும் அதற்கு வேறு வேறு சொற்கள். ஆக்சிஜனை ‘ஆக்ஸிஜன்’ என்றும் ‘ஆக்ஸிசன்’ என்றும் எழுதும் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கமுள்ள நம் மொழியில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே இருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் ஒன்று உண்டு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோட்டில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் உள்ளிடலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி எழுதப்படாத மென்பொருளுக்கு அவை வேறு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த விடை என்றால் கதையே வேறு. உங்கள் கணினியில் அது வெறும் குறிக்குவியலாகத்தான் தெரியும்.

அந்த மாணவியின் விடைத்தாளைக் கையால் திருத்தி, மதிப்பெண்ணை மாற்றி, வகுப்பின் முன்னிலையில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். தவறு அவளுடையது அல்ல என்பது எல்லாருக்கும் தெரியட்டும். இனி வைக்கும் தேர்வுகளில், கூகுள் ஃபார்ம்ஸ் போன்றவற்றில் ஒரு கேள்விக்குப் பல சரியான விடைகளைச் சேர்க்க இடமிருப்பதைப் பயன்படுத்துங்கள். ‘மற்ற விடைகள் எல்லாம் தவறு’ என்ற பெட்டியில் குறியிடாதீர்கள். குறியிடாமல் விட்டால் பட்டியலில் இல்லாத விடைகள் நீங்கள் பார்த்துத் திருத்துவதற்காகக் காத்திருக்கும். மதிப்பெண்ணை உடனே காட்டாமல், ஆசிரியர் சரிபார்த்த பின் வெளியிடும்படியும் அமைக்கலாம். முதல் முறை அப்படிச் சரிபார்க்கும்போது நீங்கள் எதிர்பாராத எழுத்து வடிவங்கள் கிடைக்கும்; அவற்றை அப்படியே விடைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும்.

கேள்வி: என் வகுப்பில் எல்லாரிடமும் கைப்பேசி இல்லை, வைத்திருப்பவர்களும் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. இவையெல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தானே?
— மொழி ஆசிரியர்

பதில்: பெரும்பாலானவை அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியரின் ஒரு கைப்பேசி மட்டும் போதுமான கருவியும் உண்டு. பிளிக்கர்ஸ் என்பது அதன் பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணிட்ட அட்டையை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதிலுள்ள கறுப்புக் கட்டங்களின் வடிவம் அட்டைக்கு அட்டை மாறும். அட்டையின் நான்கு ஓரங்கள் நான்கு விடைகளுக்கு உரியவை; மாணவர் தாம் தேர்ந்த விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க, நீங்கள் முன்னால் நின்று கைப்பேசிக் கேமராவை ஒருமுறை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால், யார் எதைச் சொன்னார் என்பது பதிவாகிவிடும். ஓரத்திலுள்ள எழுத்து மிகச் சிறியதாதலால் பக்கத்தில் இருப்பவரால் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டைகளைச் சற்றுத் தடித்த தாளில் அச்சிடுங்கள். விரல்கள் கட்டங்களை மறைத்தால் கேமரா திணறும்; ஓரத்தைப் பிடிக்கப் பழக்க ஒரு வகுப்பு ஆகும்.

மொழிப்பாடத்தில் இதற்கு நல்ல வேலை இருக்கிறது. ஒரு தொடரைக் காட்டி, வல்லினம் மிகுமா மிகாதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வகுப்புத் தளத்தில் ஒரு பயிற்சித்தாளை இணைத்தேன். அரை மணியில் முப்பது பேரும் ஒரே தாளின் மேல் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்திருக்கிறார்கள்.

பதில்: இணைக்கும்போது ‘மாணவர்கள் திருத்தலாம்’ என்பதைத் தேர்ந்திருக்கிறீர்கள். ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். கூகுள் கிளாஸ்ரூமில் அதைப் பணியை வெளியிடுவதற்கு முன்பே தேர்ந்துவிட வேண்டும். அழிந்தவை போய்விடவில்லை, கோப்பின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார் எப்போது என்ன எழுதினார் என்பது முழுவதும் இருக்கும். நானும் ஒரு காலத்தில் இதையே செய்தேன்.

கேள்வி: வீட்டுப்பாடக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. கண்டுபிடிக்கும் கருவி ஏதேனும் பரிந்துரைப்பீர்களா?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, இத்தகைய எழுத்தைக் கண்டறிய ஒரு கருவியை 2023 தொடக்கத்தில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தாமே எழுதிய ஒரு பிள்ளையைக் கருவியின் சொல் கேட்டுக் குற்றம் சாட்டுவது, பத்துப் பேர் ஏமாற்றிவிட்டுத் தப்புவதைவிட மோசமானது. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வையுங்கள்; ஐயம் வந்தால், கட்டுரையின் ஒரு பத்தியைக் காட்டி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். தாமே எழுதியவருக்குப் பேச அந்த இரண்டு நிமிடம் போதாது.

கேள்வி: புதிய தளங்களில் மாணவர்களின் பெயர், பிறந்த நாள், மின்னஞ்சல் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பதில் வரிசை எண்ணைக் கொடுத்து, எண்–பெயர்ப் பட்டியலை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல தளங்கள் 13 வயதைக் கேட்பதற்கு, அதற்குக் குறைந்தவர்களின் விவரங்களைச் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமே காரணம். வயதைக் கூட்டிப் போடச் சொல்லி மாணவர்களுக்கு ஆசிரியர் வழிகாட்டக் கூடாது. கணக்குத் தொடங்காமலே இயங்கும் கருவி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மின்சுற்றுப் பாடத்துக்கு நல்ல காணொலிகள் இருக்கின்றன. மாணவரே திரையில் இயக்கிப் பார்க்கும் ஊடாடும் மாதிரிகள் என்று எதற்காக மெனக்கெட வேண்டும்? உண்மையான பல்பும் மின்கலமும் இருக்கும்போது திரை எதற்கு?
— இயற்பியல் ஆசிரியர்

பதில்: காணொலி மாணவரிடம் எதையும் கேட்பதில்லை, தலையாட்டிக்கொண்டே பார்த்து முடித்துவிடலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் (PhET) என்னும் திட்டத்தின் மாதிரிகள் இலவசமானவை. பெரும்பாலானவற்றைத் தரவிறக்கி இணையமின்றியும் இயக்கலாம். அவற்றில் மின்சுற்று மாதிரியைத் திறந்து, இரண்டு பல்புகளைத் தொடராக இணைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆளியை மூடுவதற்கு முன், எந்தப் பல்பு அதிகம் ஒளிரும் என்று ஒவ்வொருவரும் எழுதிவிட வேண்டும். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் ‘செலவழித்துவிடும்’, ஆகவே இரண்டாவது மங்கும் என்று எழுதுபவர்கள் உங்களை வியக்க வைப்பார்கள். நன்றாக மதிப்பெண் வாங்குபவர்களும் அதில் இருப்பார்கள். ஆளியை மூடினால் இரண்டும் ஒரே அளவு ஒளிரும். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும், நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; மூன்று இடத்திலும் ஒரே எண்.

உண்மையான பல்புகளைக் கைவிடச் சொல்லவில்லை; மாதிரிக்குப் பின் அவற்றையும் எடுங்கள். ஆனால் அவற்றை மட்டுமே வைத்தால் ஒரு சங்கடம் உண்டு. ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு பல்புகள்கூடச் சற்று வேறுபட்டு ஒளிரும். இரண்டாவது கொஞ்சம் மங்கலாக அமைந்துவிட்டால், தவறாக நினைத்தவர் ‘நான்தான் சொன்னேனே’ என்பார். அப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் பொருத்தி, மங்கல் எந்தப் பக்கம் போகிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.